ஐந்து மணி பஸ்

— மாமி, ஏப்ரனைக் கழட்டித் திருப்பிக் கட்டுங்கோ. பொக்கற் முதுகிலை நிக்குது.

— நிக்கட்டும். நான் இஞ்சை சமைக்க வரேல்லை.

— அப்ப ஏன் வந்தனீங்கள்?

— நீ ஏன் வந்தனீ எண்டு பாக்க வந்தனான். சூசையப்பர் கோயிலிலை பூசை முடிய, ஒண்டுக்குப் போட்டு வாறன் எண்டு சொன்னவள் மெற்றோவுக்குள்ளை இறங்குறாள். ஒண்டுக்குப் போறதுக்கு ரிக்கற் எடுக்கிறதே?

— மெல்லமாக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்.

— பாக்கட்டும். இஞ்சை ஒருத்தருக்கும் தமிழ் விளங்காது. ஆர் இந்த மனிசி? ஏன் எனக்கு மாவைத் தாறா?

— இவதான் பேக்கரிக்காரி. போர்த்துக்கல் ஆள். மொன்ட்ரியால் பாக்க வாற ஆக்களுக்குச் சனிக்கிழமையிலை தங்கடை ஊர்க் கேக் செய்யப் பழக்கிறா. ஒராள் வரேல்லையாம். அந்த இடத்திலை உங்களை நிக்கட்டாம்.

— யாத்திரைக்கு வந்த இடத்திலை கேக் படிக்கிறாயோ? நல்லாயிருக்கு.

— ரெண்டு மணித்தியாலம்தானே மாமி. பஸ் ஐஞ்சுக்குத்தானே.

— ஐஞ்சு எண்டால் ஐஞ்சு. பத்திநாதர் டொரொண்டோவிலை இருந்து நாற்பத்தெட்டுப் பேரைக் கட்டி மேய்ச்சுக்கொண்டு வந்தவர். ஒரு நிமிசம் பிந்தினாலும் விட்டிட்டுப் போடுவார்.

— ...தெரியும்.

— இந்த மனிசி என்ன முணுமுணுக்கிறா?

— மாவுக்கு மேலை பட்டர் பூசிச் சுருட்டி வைச்சிருக்கிறா பாருங்கோ, அதை ஒரு விரற்கடை அளவுக்கு வெட்டட்டாம். வெட்டின துண்டை இந்தச் சின்ன அச்சுக்குள்ளை வைச்சு, பெருவிரலைத் தண்ணியிலை தோய்ச்சு, நடுவிலை இருந்து மேலை மேலை அமத்திக்கொண்டு போகட்டாம்.

— உன்ரை பிரெஞ்சு இவ்வளவு நாளும் எங்கை கிடந்தது?

— கலியாணத்துக்கு முதல் பிரான்சிலை, பரிசிலை மூண்டு வருசம் இருந்தனான்தானே. டொரொண்டோவிலை ஆரோடை கதைக்கிறது?

— என்னோடை கதைச்சிருக்கலாம்.

— உங்களோடை... பிரெஞ்சிலையோ?

— சிரிக்காதை. சிரிச்சால் எனக்குக் கோவம் போயிடும்... இஞ்சை பார், என்ரை மா ஏன் விரலோடை வருது?

— உங்கடை கை சூடாம். பட்டர் உருகுதாம்.

— அறுபத்திரண்டு வயசிலையும் சூடு குறையேல்லை எண்டு சொல்லு அவவுக்கு.

— ஐயோ மாமி!

— சொல்லு, சொல்லு. அவவும் சிரிக்கட்டும். காலமை முழுக்க அழுத மூஞ்சியளைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு... ஏன் ஒரு காலிலை நிக்கிறாய்?

— ஒண்டுமில்லை.

— முழங்கால் தோல் உரிஞ்சிட்டுதோ?

— கொஞ்சம்.

— துணியை மடிச்சுக் கட்டு எண்டு சொன்னனான். நீ கேட்டாத்தானே. தொண்ணூற்றொன்பது படியும் மரம்.

— படி எத்தினை எண்டு எனக்குச் சொல்லவேண்டாம் மாமி. நாலாம் வருசம்.

— ...ஓம். நாலாம் வருசம்.

— நேர்த்தி வைச்சது நீங்கள். ஏறுறது நான்.

— எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை. ஏலுமெண்டால்...

— ஏலுமெண்டாலும் நான்தானே ஏறவேணும். பிள்ளை இல்லாதது எனக்குத்தானே... பரவாயில்லை மாமி, ஏறியாச்சு. ஆனா மைக்கிலை சொல்லாமல் விட்டிருக்கலாம்.

— எதை?

— காலமை பஸ்ஸிலை செபமாலை சொல்லேக்கை. "என்ரை மருமகள் பிரியந்திக்குப் பிள்ளைவரம் கிடைக்கவேணுமெண்டு மண்டாடுவம்." நாற்பத்தெட்டுப் பேரும் திரும்பிப் பாத்தவை.

— செபிக்கத்தானே கேட்டனான்.

— ஓம். செபிச்சவை. முன் சீற்றிலை இருந்த மனிசி என்ரை மடியிலை ரெண்டு தோடம்பழம் வைச்சிட்டுப் போனவ. நோயாளிக்கு வைக்கிற மாதிரி... மாமி, எழும்புங்கோ. எல்லாரும் நிக்கினம், நீங்கள் மட்டும் ஏன் இருக்கிறியள்?

— அவதான் 'கதைரா' எண்டு கதிரையைக் காட்டினவ. நான் இருந்திட்டன். உனக்குத்தான் மொழிபெயர்ப்பு வேணும், எனக்கு வேண்டாம்... அதுசரி, ஏன் அவ உன்ரை கையையே பாக்கிறா? பன்னிரண்டு பேர் நிக்கினம். வந்து வந்து உன்ரை அச்சைத்தான் தூக்கித் தூக்கிப் பாக்கிறா.

— எனக்கென்ன தெரியும்.

— உன்ரைதான் வடிவா வந்திருக்கு. மெல்லிசா, ஒரே மட்டமா. நான் பொய் சொல்லமாட்டன்.

— கை குளிர்ந்திருக்கவேணுமாம். என்ரை கை நல்ல குளிராம்.

— வீட்டிலை நீ ஒரு நாளும் இப்பிடி ஆசையா நிண்டு ஒண்டும் செய்து நான் காணேல்லை... சீ, என்ன இது காலுக்குள்ளை தடக்குது? உன்ரை பையே? ஏன் இவ்வளவு பாரம்?

— விடுங்கோ மாமி, நான் எடுத்து அங்காலை வைக்கிறன்.

— பொறு. ஒரு நாள் யாத்திரைக்கு என்னத்தைக் காவிக்கொண்டு வந்தனீ... இது உன்ரை வின்ரர் ஜக்கெற் அல்லே?

— பையைத் திறக்காதேங்கோ!

— திறந்திட்டன். ஓகஸ்ட் மாதத்திலை ஆருக்குக் குளிருது? சப்பாத்து... உன்ரை அம்மா அப்பான்ரை படம்... பாஸ்போட்... சேசு மரி சூசையே!

— சத்தம் போடாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.

— பிரியந்தி. என்னைப் பார். ஐஞ்சு மணி பஸ்ஸுக்கு நீ வாறியோ, இல்லையோ?

— ...மாமி, மா இளகுது. கஸ்ரட் ஊத்தவேணும்.

— அவளின்ரை கஸ்ரட்டும் மாவும்! வாறியோ இல்லையோ?

— வரேல்லை. உங்களுக்குத் தெரியாமல் போகத்தான் நினைச்சனான். பின்னாலை வருவியள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை.

— எங்கை போய் இருக்கப்போறாய்?

— இஞ்சை மொன்ட்ரியாலிலையே, கோட்-டெ-நெய்ஜிலை சாருஜா இருக்கிறாள். பரிசிலை என்னோடை ஒரே அறையிலை இருந்தவள். இஞ்சை ஆசுப்பத்திரியிலை கிளீனிங். அவள்தான் இந்த மடாமிட்டைச் சொன்னவள். மடாமுக்கு ஒராள் தேவையாம். சனிக்கிழமை வகுப்புக்கு வரட்டும், கையைப் பாத்துச் சொல்லுறன் எண்டவவாம்.

— அதுதானே பாத்தன். அப்ப இது படிப்பில்லை. வேலைக்குச் சோதினை.

— ரெண்டும்தான்.

— ஹென்றிக்குத் தெரியுமோ?

— அவருக்குக் கடிதம் எழுதிக் கட்டிலிலை வைச்சிட்டு வந்தனான். வேலை முடிஞ்சு வந்து காணுவார்.

— அவன் உன்னை அடிச்சவனோ?

— ஐயோ, இல்லை மாமி.

— குடிச்சவனோ? வேறை ஆரோடையும்...?

— இல்லை, இல்லை. உங்கடை மகன் நல்லவர். நல்லவர்தான்... வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான்.

— அதுக்கு ஆரும் வீட்டை விட்டுப் போறதே?

— ஏப்ரலிலை, பாப்பரசர் இறந்த கிழமை, உங்கடை தங்கச்சியின்ரை பேரனுக்கு ஞானஸ்நானம். நான் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினனான். உங்கடை தங்கச்சி, "வேண்டாம் பிள்ளை, முதல் முதல் நீ தூக்காதை" எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பினவ. நீட்டின கையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நான் மேசையைத் துடைச்சனான்.

— அவளுக்கு வாய் சரியில்லை.

— அவவின்ரை வாயை விடுங்கோ. ஹென்றி பக்கத்திலை நிண்டவர். எல்லாம் கேட்டவர். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்லு. சோடாப் போத்திலைப் பாத்துக்கொண்டு நிண்டவர் மாமி. அண்டைக்கு எனக்கு வெறுத்துப்போச்சு.

— ...வேறை டொக்டரிட்டை ஒருக்காக் காட்டியிருக்கலாம்.

— ஆரிட்டைக் காட்டினாலும் அதுதான்.

— குறை உன்னிலை எண்டுதானே சொன்னனீ.

— ஓம். என்னிலைதான்.

— ம்.

— ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறியள்?

— உன்ரை கன்னத்திலை மா கிடக்குது. துடை... ஐயையோ! போறணைக்குள்ளை பார், கருகுது! எடு, எடு, எல்லாம் கறுத்துப்போச்சு!

— கையை விடுங்கோ மாமி, சுடும்! அப்பிடித்தான் இருக்கவேணுமாம். மேலை கறுப்புக் கறுப்பா வந்தால்தான் சரியாம்.

— கருகினதைக் காசுக்கு விக்கிறாளே! எங்கடை வீட்டிலையெண்டால் நாய்க்குத்தான் போடுவம்.

— ஒண்டைத் திண்டு பாருங்கோ. ஆறட்டும்... கறுவாத்தூள் போட்டுத் திண்ணட்டாம்.

— ...

— எப்பிடி?

— ...நல்லாத்தான் இருக்கு. எனக்கு இன்னொண்டு தா. என்ரையை வேண்டாம், நீ செய்ததைத் தா.

— அழாதேங்கோ மாமி. திண்டுகொண்டு அழுதால் புரைக்கேறும்.

— நான் அழேல்லை. பிள்ளை, நீ போனால் அந்த வீட்டிலை என்னோடை கதைக்க ஆர் இருக்கினம்? ஹென்றி வேலையாலை வந்தால் ரீவியோடை. விடிஞ்சால் திரும்ப வேலை. ஆறு வருசமா நீயும் நானும்தானே ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்கிறது. என்ரை காலுக்கு எண்ணெய் பூசிவிட்டது நீ. பெத்த பிள்ளை பூசேல்லை.

— அதைச் சொல்லாதேங்கோ. அதுதான் எனக்கும் ஏலாமல் கிடக்குது.

— வா பிள்ளை. இனிப் படி இல்லை. நேர்த்தி இல்லை. மைக் இல்லை. என்ரை தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவும் வேண்டாம். நீ வந்து வீட்டிலை இரு, எனக்கு அது காணும்... என்ன, மடாம் உன்னைக் கூப்பிடுறாவோ?

— ஓம். ஒரு நிமிசம்.

— ...என்னவாம்?

— அவவுக்கு என்ரை கை பிடிச்சுப்போச்சாம். செவ்வாய்க்கிழமை விடிய ஐஞ்சு மணிக்கு வரட்டாம். முதல் மாதம் அச்சு மட்டும் செய்யிறது, பேந்து போறணையும் தருவாவாம்.

— நீ என்ன சொன்னனீ?

— ஒண்டும் சொல்லேல்லை. பெட்டியிலை கேக்கை அடுக்கிப்போட்டு வந்து சொல்லுறன் எண்டனான்.

— இப்ப நாலேகால். இஞ்சையிருந்து கோயிலுக்கு அரை மணித்தியாலம்.

— தெரியும் மாமி.

— நான் உன்னைக் கையிலை பிடிச்சு இழுக்கேல்லை. கேட்டனான், அவ்வளவுதான்.

— ...ரெண்டு வருசத்துக்கு முதலே போயிருக்கவேணும் நான். ஒவ்வொரு முறையும் உங்களை நினைச்சுத்தான் நிண்டது. ஊர்ச் சனம் எல்லாரிலையும் எனக்குக் கோவம். ஹென்றியிலை இருக்கிற கோவத்தைச் சொல்ல வாய் இல்லை. உங்களிலை மட்டும் எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்லை.

— ஏன் வரேல்லை? நான்தானே உன்னைப் படியிலை ஏத்தினது.

— நீங்கள் தெரியாமல்தானே செய்தியள்.

— என்னத்தைத் தெரியாமல்?

— ...ஒண்டுமில்லை. விடுங்கோ.

— சொல்லு பிள்ளை.

— ஒண்டுமில்லை எண்டுறன். தெரிஞ்சுகொண்டு ஒருத்தரை முழங்காலிலை ஏத்துற ஆள் நீங்கள் இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த ஒண்டுக்காகத்தான் வாறன்.

— வாறியோ?

— வாறன். கடிதத்தை ஹென்றி காண முதல் அவருக்குப் போன் பண்ணி, வாசிக்காமல் கிழிக்கச் சொல்லுவம். ஏப்ரனைத் தாங்கோ... நீங்கள் இந்தப் பெட்டியைப் பிடியுங்கோ, நான் மடாமிட்டைப் போய் ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வாறன்... கையை விடுங்கோ மாமி, நேரம் போகுது. என்ன, உங்கடை கை இப்ப இப்பிடிக் குளிருது?

— நில்லு. அவவிட்டை ஒண்டும் சொல்லாதை.

— ஏன் மாமி? இருந்து கதையுங்கோ, முகம் எல்லாம் வெளிறிப்போச்சு. என்ன செய்யுது?

— குறை ஹென்றியிலை எண்டு எனக்கு மூண்டு வருசமாத் தெரியும். நீ வேலைக்குப் போன நேரம் குசினிக்குள்ளை வந்து நிண்டு, அழுது, அவனே சொன்னவன். எனக்குத் தெரியும் எண்டு உனக்குக் காட்டக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவன். முதல் வருசம்தான் பிள்ளை நான் தெரியாமல் உன்னை ஏத்தினனான். பிறகு ரெண்டு வருசமும், இண்டைக்குக் காலமையும், ஊர்வாயிலை என்ரை மகன் விழக்கூடாதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் ஏத்தினனான். நீ அந்த பஸ்ஸிலை ஏறாதை.