மூன்று அங்குலத் தண்ணீர்

வேம்புலி: இன்னா மேஸ்திரி, காரு போயிட்ச்சா?

எத்திராஜ்: மாதா கோயிலாண்ட திரும்பிட்ச்சி. புழுதிதான் தெரியுது.

வேம்புலி: நல்லா பாரு. எதுனா மறந்துட்டேன்னு திரும்பி வந்துடப்போறாரு.

எத்திராஜ்: இஞ்சினீயரு கையெழுத்தே போட்டுட்டாரு. இனிமே இன்னாத்துக்கு வராரு? நம்ம ஓவர்சீயர் சாமி கையில கீது பாரு காயிதம். காட்டுங்க சாமி, கெய்வி கண்ணால பாக்கட்டும்.

வேம்புலி: யாரு கெய்வி? உன்னியவிட ரெண்டு வயசு சின்னவ நானு.

எத்திராஜ்: அத்தச் சொல்ல ஒரு பல்லு கம்மியா கீதே.

வேம்புலி: நீ உடு... சாமி, இன்னா எழுதிகீறாரு?

ராஜசேகரன்: கூரை ஒழுகலைன்னு. கட்டடத்தை இடிக்க வேண்டாம்னு.

வேம்புலி: அப்ப ஆஸ்பத்திரி?

ராஜசேகரன்: இங்கேயேதான். பிரசவ ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில்.

வேம்புலி: இன்னொரு தபா சொல்லுங்க சாமி.

ராஜசேகரன்: பூந்தமல்லியிலேயே, வேம்புலி. பத்துக் கட்டில்.

வேம்புலி: ...அப்பாடி.

எத்திராஜ்: ஒக்காந்துட்டா பாரு. எனக்கு மட்டும் இன்னா, நேத்துலேர்ந்து சோறு எறங்கல. கூரை மேல மூணு அங்குலம் தண்ணி கட்டு, ஒரு நாள் பூரா நிக்கட்டும், கீழ ஒரு சொட்டு எறங்கினாலும் இடிச்சுட்டு ஆஸ்பத்திரிய சைதாப்பேட்டைக்கு மாத்துன்னாரே. நூறு வருசத்துக் கட்டடம். சோல்ஜருங்க இருந்த பாரக்கு. இத்தப் போயி...

வேம்புலி: செவுருதானே பழசு. கூரை நாம புச்சா போட்டது. பதினாலு பொம்பளைங்க, ஏழு நாளு, சுண்ணாம்பு ஜல்லியக் கொட்டி, கடுக்காத் தண்ணி தெளிச்சித் தெளிச்சிக் கட்டையால இடிச்சி இறுக்கினோம். இன்னும் தோளு தூக்க முடில.

எத்திராஜ்: அதான் சொல்றேன். உன் கை பட்டது ஒழுவுமா?

வேம்புலி: ...அத்த உடு.

எத்திராஜ்: புகழ்ந்தா கூட ஒத்துக்க மாட்டா. ஆனா ஒண்ணு சாமி. ஆறு மாசமா உங்க கூட வேல செய்யறேன். ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேச மாட்டீங்க. இன்னிக்கி இன்னா ஆச்சு? அரை மணி நேரம் நின்ன எடத்துல நின்னுகினு ஊர்க் கதைய சொல்றீங்க.

ராஜசேகரன்: கேட்டார். சொன்னேன்.

எத்திராஜ்: எங்க கேட்டாரு? வா, வெளிய தூணைக் காட்டுன்னாரு. நீங்கதான், 'இங்கேருந்தே ஜன்னல்ல எல்லாம் தெரியும் சார்'னீங்க.

வேம்புலி: இன்னா கதை? நான் மேல இருந்தேன், ஒண்ணும் கேக்கல.

எத்திராஜ்: வெள்ளக்காரக் கும்பினி காலத்துல, காயம் பட்டவன், காய்ச்சல்காரன், அல்லாரும் கப்பல் ஏறுற வரைக்கும் இங்கதான் படுத்திருந்தானாம். நாம சந்தை போடற எடம், தேறினவன் லெப்ட் ரைட்டுன்னு கவாத்து பண்ண மைதானமாம். அந்தாண்ட மாதா கோயிலு. இந்தாண்ட ஆபீசருங்க சாப்பிட்ட பங்களா. அதான் இப்ப மேஜிஸ்ட்ரேட் கச்சேரி. அல்லா வாசலும் சந்தையையே பாத்துகினு கீதே, அது கவாத்தப் பாக்கறதுக்கு வெச்சதாம். நான் இத்தினி நாளா வாஸ்துன்னு நெனச்சிகினு இருந்தேன்.

வேம்புலி: நீ நெனச்சிருப்பே. அப்பறம்?

எத்திராஜ்: செவுரு ரெண்டரை அடி கனம், வெயிலு உள்ள ஏறாது. ஜன்னலு எதிரெதிரா வெச்சிகீது, காத்து நிக்காம ஓடும். காய்ச்சல்காரனுக்குன்னு கட்டினது புள்ளத்தாச்சிக்கும் ஆவும், புதுசா கட்டினா கூட இப்பிடி வராதுன்னாரு நம்ம சாமி. அப்பதான் இஞ்சினீயரு மொகம் மாறிச்சி. பேனாவத் தொறந்தாரு.

வேம்புலி: சாமி எங்க நின்னு சொன்னாரு?

எத்திராஜ்: அதோ, தென்மேற்கு மூலையில. நட்டு வெச்ச கல்லாட்டம். கால நகத்தவே இல்ல.

வேம்புலி: ...அந்த மூலையிலயா?

ராஜசேகரன்: எத்திராஜ், மேல போய்த் தண்ணியைத் திறந்து விடு.

எத்திராஜ்: இப்பவா? ஒரு சோடா குடிச்சிட்டு...

ராஜசேகரன்: இப்பவே.

எத்திராஜ்: தோ போறேன். பாத்தியா, பழையபடி ஒத்த வார்த்தைக்கு வந்துட்டாரு.

வேம்புலி: ...சாமி.

ராஜசேகரன்: ம்.

வேம்புலி: தலப்பாவ ஏன் இன்னும் கழட்டல? இம்மாம் புழுக்கமா கீது.

ராஜசேகரன்: இருக்கட்டும்.

வேம்புலி: கழுத்துல தண்ணி வழியுது.

ராஜசேகரன்: வேர்வை.

வேம்புலி: வேர்வை வெள்ளையா வருமா சாமி? கோட்டு காலர்ல சுண்ணாம்பு கீது.

ராஜசேகரன்: மெதுவாப் பேசு. எத்திராஜ் மேலதான் இருக்கான்.

வேம்புலி: காலைல பெருக்க வந்தப்பவே பாத்தேன். அந்த மூலையில தரை ஈரம், உள்ளங்கை அகலத்துக்கு. முந்தானையால தொடச்சிட்டு, வாயத் தொறக்காம மேல போயிட்டேன்... அந்த மூலை என் பங்கு சாமி. ஆறாம் நாளு, எம் பொண்ணு தல சுத்தி உழுந்துட்டான்னு ஆளு வந்தது. பாதி இடிச்சதோட எறங்கி ஓடிட்டேன். மறுநாள் மேஸ்திரி கேட்டப்போ, முடிச்சிட்டேன்னேன். இன்னிக்கி மேல நின்னுகினு கீழ எப்ப சத்தம் வரும், எப்ப சத்தம் வரும்னு...

ராஜசேகரன்: ஈரத்தை நானும் பார்த்தேன். நீ துடைச்சப்புறமும் சொட்டிட்டுத்தான் இருந்தது. கார் சத்தம் கேட்டதும் போய் நின்னுட்டேன். தலைப்பாகையில விழுந்தா சத்தம் வராது.

வேம்புலி: அரை மணி நேரமா?

ராஜசேகரன்: அதுக்குத்தான் கதை.

வேம்புலி: ...சிரிப்பு வருது சாமி. கோச்சிக்காதீங்க.

ராஜசேகரன்: சிரி. நாளைக்கு அந்த மூலையைக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் போடு. ஏழு நாளும் முழுசா இடி. நான் பக்கத்துலயே நிப்பேன். மறுபடி தண்ணி கட்டிப் பார்ப்போம். சொட்டலைன்னாதான் கட்டில் உள்ளே வரும்.

வேம்புலி: பத்து நாளு இடிக்கறேன். எம் பொண்ணுக்கு ஆடியில பொறக்கும்னு சொல்றாங்க. மொதப் புள்ள. சைதாப்பேட்டைன்னா அம்மாந்தூரம் வண்டி கட்டிகினுதான் போவணும். எங்க ஊடு தோ, சந்தைக்குப் பின்னாலதான்.

ராஜசேகரன்: தெரியும். அன்னிக்கு ஆள் வந்தப்ப நான் கீழேதான் இருந்தேன்.

வேம்புலி: அப்பவே தெரியுமா... நானாவது பெத்தவ. நீங்க இன்னாத்துக்கு சாமி அங்க போயி நின்னீங்க? இஞ்சினீயரு மட்டும் நிமிந்து பாத்திருந்தா உங்க வேலயே போயிருக்கும். உங்க ஊட்ல யாரு கீறாங்க, இந்த ஆஸ்பத்திரிக்கு வர?

ராஜசேகரன்: யாருமில்ல. போன ஐப்பசியில என் சம்சாரத்துக்குப் பிரசவ வலி எடுத்து, எழும்பூர் ஆஸ்பத்திரிக்குன்னு வண்டி கட்டினோம். பாதி வழியில, மதுரவாயல் வரைக்கும்தான் அவ உயிரோட இருந்தா... உன் பொண்ணுக்கு வண்டி வேண்டாம், வேம்புலி. நடந்தே வந்துடலாம்.