கையெழுத்துப் போடாத புரோகிராம்

இல்ல மேடம், தண்ணி வேணாம். உங்க விசாரணைக் குறிப்புல நீங்க எழுதினது தப்பு, மொதல்ல அதை அடிங்க. நான் அனுமதி மறுக்கல. முறையா கொண்டு வாங்க, தரேன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?

சரி, புரியற மாதிரியே சொல்றேன். இந்த ஆஸ்பத்திரியோட எல்லா விவரமும் ஒரே டேட்டாபேஸ் சர்வர்ல இருக்கு. நோயாளிங்க, மருந்து, ரத்தம் குடுக்கிறவங்க லிஸ்ட்டு, எல்லாம். அதைப் பாத்துக்கிறவன் நான். பதினாறு வருஷமா ஒரு திருட்டுப்பய உள்ள வந்ததில்ல. அதுக்காக எவனாவது என்னை நல்லா இருக்கியான்னு கேட்டிருப்பானா? ம்ஹூம்.

இப்ப அந்த புரோகிராமர். எதுக்கும் பறப்பாரு, அதனால அவருக்கு நாங்க வெச்ச பட்டப்பேரு அவசரம். சின்னதா ஒரு புரோகிராம் எழுதினாரு. லேசுல கிடைக்காத வகை ரத்தம் வேணும்னு ரத்த வங்கியில பதிஞ்சா போதும், அந்த வகை உள்ளவங்க போனுக்கு சர்வரே மெசேஜ் அனுப்பிடும். நல்ல விஷயம்தான், யாரு இல்லேன்னா? ஆனா சர்வருக்குள்ள ஓடுறது வெளிய பேசணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு. புரோகிராமுக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்து நம்ம ஆளோடதுன்னு சர்வர்ல பதியணும். அது இருக்கிற புரோகிராமுக்கு மட்டும் வெளிய போக அனுமதி குடுக்கணும். இவரு என்னடான்னா, இந்த டேட்டாபேஸ்ல இருக்கிற எல்லாத்தையும் நம்புன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கே, அதைப் போட்டு விடுங்க சார், ரெண்டு செகண்டுங்கறாரு. ஏன், வாசக்கதவையே கழட்டி வெச்சுட்டா இன்னும் சுலபமாச்சே!

நெட்ல எவனோ எழுதி வெச்சிருக்கானாம். எவனோ! திருப்பி அனுப்பிட்டேன். மறுபடி அதையே தூக்கிட்டு வந்தாரு, மறுபடி திருப்பினேன். மேனேஜர் வேற, கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்னு பல்லைக் காட்டுறாரு. அவருக்கு சர்வருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் உர்ருனு சத்தம் போடுதுல்ல.

மொத்தமா? பதினொரு நாள் இழுத்துச்சு.

அந்தக் கையெழுத்தை நானே போட்டிருந்தாவா? அரை மணி நேர வேலை. ஆமா, தெரியும் மேடம். இங்க எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனா நான் ஏன் போடணும்? அவர் வேலைய அவர் கத்துக்கட்டும்னு விட்டேன். அப்படியே எழுதிக்குங்க, எனக்கென்ன பயம்.

பதினொண்ணாவது நாள் மத்தியானம், பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. ரத்த வங்கி அம்மா, பேருகூட இல்லாம வெறும் நம்பரா இருக்கிற பழைய பேப்பர் லிஸ்ட்டைப் பாத்து போன் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணோடது லேசுல கிடைக்காத வகை, லிஸ்ட்ல மொத்தமே மூணு பேரு. ஒருத்தர் எடுக்கல. ஒருத்தர் வெளியூர்ல. மூணாவது நம்பர் உபயோகத்துலயே இல்ல. சர்வர்ல புது நம்பர் இருந்துச்சு, ஆனா ரத்த வங்கியில அதைப் பாக்க வழியில்ல, பேப்பர்ல எவனும் மாத்தல. சோம்பேறிக் கூட்டம்.

ஆறு மணிக்குப் பொண்ணு போயிடுச்சு. குழந்தை இருக்கு.

அந்த மூணாவது ஆளையும் விசாரிக்கணுமா? எங்கயும் தேட வேணாம் மேடம், நான்தான். பிரசவ வார்டு ரெண்டாவது மாடி. நான் நாலாவது மாடியில, என் நாற்காலியில உக்காந்து, அவசரத்தோட புரோகிராமை மூணாவது தடவை ஏன் திருப்பி அனுப்புறேன்னு காரணம் எழுதிட்டு இருந்தேன். போன் மேசை மேலதான் இருந்துச்சு. மத்தியானம் பூரா ஒரு மெசேஜ்கூட வரல.