பாய் வீட்டு ராணுவத் தளம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு பாயும் அவருடைய நண்பரும்.

"அடுத்தவன் நாட்டுல அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு பாய் ராணுவத் தளம்?" என்றார் நண்பர்.

"பாதுகாப்புக்காம். எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது."

"என்னா பாய் சொல்றீங்க?"

"நான் கத்தார் போனப்ப, பொம்பளைங்க தனியா இருக்காங்கன்னு என் மச்சான் காவலுக்கு வந்தாரு. நான் திரும்பி வந்தும் அவரு போவல. மாடி ரூம் அவுருது, வாசல் கேமராவும் அவுருது."

"கெளம்பச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நெலமை இன்னும் சரியாவலங்கிறாரு."

பாயின் போன் அடித்தது. அதுவரை பஸ் முழுக்கக் கேட்ட அவர் குரல் சட்டென்று அடங்கியது.

"ஆலப்பாக்கம் தாண்டிட்டேன் மச்சான். வந்துடுறேன், கேட்டைப் பூட்டிடாதீங்க."