ல-வுக்கு வால் வைத்தவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பாட்டு டீச்சர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, கடைசி வரிசையில் "இவனையா பேச விட்டாங்க" என்று முணுமுணுக்கும் என் வகுப்புத் தோழர்களே, வணக்கம். யாரும் விடவில்லை, நானேதான் கேட்டு வாங்கினேன்.

நம் பள்ளியின் பொருளறைக் காப்பாளர், நம் எல்லோருக்கும் ஸ்டோர் அண்ணன். நாடகத்துக்கு எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "இருக்கு." வாள்? இருக்கு. கிரீடம்? இருக்கு. இருந்ததா? எங்கே இருந்தது! கேட்ட பிறகுதான் அது பிறக்கும். குடைக்கம்பி வாளானது. உடைந்த விளக்கின் கூடு கிரீடமானது. ராஜாவின் சிவப்பு அங்கியை எல்லோரும் தொட்டுத் தொட்டு மெச்சினோமே, அது எது? தலைமையாசிரியர் அம்மா, உங்கள் அறையில் காணாமல் போன திரைச்சீலையை இனித் தேட வேண்டாம்.

இந்த ஆண்டு இசை நாடகத்துக்கு டீச்சர் எழுதிய பட்டியலில் "மலை – 1" என்று இருந்தது. அதை ஸ்டோர் ரூமில் கொடுக்கும் வேலை எனக்கு. படியிறங்கும்போது கை சும்மா இருக்கவில்லை. ல-வை வளைத்து, கீழே ஒரு வால் வைத்தேன். மலை, மழை ஆனது. மனிதர் முதல் முறையாக "இல்லை" என்பார், சிரிக்கலாம் என்று நின்றேன். கண்ணாடியை ஏற்றிப் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கு" என்றார்.

இரண்டு வாரம் பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாளை இழை இழையாகக் கத்தரித்துக் கம்பியில் தொங்கவிட்டார். ஒத்திகையில் விசிறி சுழன்றது, தகரத்தட்டில் பட்டாணி உருண்டது, மேடையில் மழை பெய்தது! முன்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் நனையாமல் இருக்கத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நாயகி ஏறிப் பாட மலை எங்கே? விசாரணை வந்தது. நான் கீழே சிதறிய பட்டாணியைப் பொறுக்கக் குனிந்துகொண்டேன். அண்ணன் முந்திக்கொண்டு, கண் மங்கிவிட்டது, தான்தான் தப்பாகப் படித்ததாகச் சொல்லிவிட்டார்.

அண்ணி, கண்ணாடியை மாற்றச் சொல்லி வீட்டில் அவரைத் திட்டினீர்களாம். அவர் கண் நன்றாகவே இருந்தது. அவர் தப்பாகப் படிக்கவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன். அவர் பெயரில் நிற்கும் அந்தப் பிழையை இந்தச் சபையில் என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.

"டீச்சர் பச்சை மையில எழுதுவாங்க. நீலத்துல வால் வச்ச வாலு யாருன்னு எனக்குத் தெரியாதா? நீ மலைன்னே விட்டிருந்தா அட்டையில முடிஞ்சிருக்கும். உன்னாலதான்டா மழை வந்துச்சு. இப்ப மலைய யார் ஒட்டுறது? வா, பசையை எடு."

பாதி மலை ஒட்டினோம். செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. இனி வரவும் மாட்டார்.

நாடகம் அடுத்த வெள்ளிக்கிழமை. இயக்க ஆளில்லை, மழைக் காட்சியை எடுத்துவிடலாம் என்று நேற்று பேச்சு அடிபட்டது. எடுக்கலாமா? அவர் பெய்வித்த மழையை நாமே நிறுத்தலாமா? விசிறியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், பட்டாணியை எந்த வரியில் உருட்ட வேண்டும், எனக்குத் தெரியும். மீதி மலையை என் வகுப்பு ஒட்டும். கடைசி வரிசை, உங்களைத்தான் சொல்கிறேன்.

அம்மா, புதுப் பட்டியல் கொண்டுவந்திருக்கிறேன். மலை – 1. மழை – 1. இரண்டுமே என் கையெழுத்து, ஒரே மை. மழைக்கு ஆள் இருக்கா என்று கேளுங்கள்.

இருக்கு.