முப்பத்தோராம் நாளுக்கு முன்

ஷெல் கூவுகிறது. பங்கர் வாசலில் தங்கச்சி செல்வி. நெஞ்சோடு அவளுடைய பச்சைப்பிள்ளை. "அண்ணை, படுங்கோ!" தண்ணீர்க் கலனோடு விழுகிறேன். வாய்க்குள் மண். அடுத்தது கூவவில்லை. பங்கருக்கு மேல்தான் விழுந்தது.

வன்னி. 2009 ஏப்ரல்.

இப்போது மெல்பேர்ன். வெரிபீயில் வீடு. தொப்பை. கொலஸ்ட்ரோல். உயிர் தப்பியதற்கு அத்தாட்சிகள்.

கூட வேலைசெய்யும் மிரியம் யூதப் பெண். தன் சனத்தின் படுகொலை நினைவு நாளுக்கு அழைத்தாள். போனேன். ஆறு மெழுகுவர்த்திகள், அறுபது லட்சம் பேருக்கு. ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கிறார்கள். பெயர். வயது. ஊர். முதலாமவர் முடித்தார். நான் கைதட்டினேன். தனியாக. மௌன அஞ்சலி முடிந்தாலும் தட்டுகிற எங்கள் கூட்டங்களில் பழகிய கை. மிரியம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடைசிவரை விடவில்லை. வெட்கத்தில், ஒளிய ஒரு பங்கருக்கு அவ்வளவு ஏங்கியது அன்றுதான்.

பிறகு ஒரு மூதாட்டி வாசித்தார். "ரிவ்காவின் மகள். இரண்டு கிழமை. பெயர் வைக்கப்படவில்லை." அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நான் போகவில்லை. எங்களில் பிறந்த முப்பத்தோராம் நாள்தான் துடக்கு, அதாவது தீட்டு, கழித்துப் பெயர் வைப்பது. செல்வியின் மகளுக்கு அந்த நாள் வரவில்லை. குஞ்சு என்றுதான் கூப்பிட்டோம்.

மே மாதம் எங்கள் நினைவு நாள். ஒழுங்கு செய்யும் தயாவிடம் கேட்டேன்.

"செல்வியின்ரையும் பிள்ளையின்ரையும் பேரை வாசிக்கவேணும்."

"பிள்ளையின்ர பேர் என்ன அண்ணை?"

"வைக்கேல்லை."

"இல்லாத பேரை எப்பிடி வாசிக்கிறது? நேரமுமில்லை. மூண்டு எம்.பி.மார் பேசுவினம். தேத்தண்ணியோட குடுக்கிற ரோல்ஸ் வேற ஆறிடும்."

நினைவு நாளில் முதற்சுடரை யார் ஏற்றுவதென்று இரண்டு தலைவர்கள் மேடையிலேயே முறைத்துக்கொண்டார்கள். மௌன அஞ்சலி. நடுவில் யாருடையதோ போனில் குத்துப்பாட்டு. "ஆயிரக்கணக்கானோர்" என்றார் ஒருவர். கைதட்டல். ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

எழுந்தேன்.

"அண்ணை, இருங்கோ!" தயா கத்தினான்.

முன்பொருமுறை, செல்வி படுங்கோ என்றதும் விழுந்தவன் நான். இம்முறை நின்றேன்.

"செல்வி. இருபத்தாறு வயது. செல்வியின்ர மகள். பேர் வைக்கேல்லை."

பின்வரிசையில் ஒருவர் தட்டத் தொடங்கினார். போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். விடவில்லை.

வன்னியில் இழந்தவை: ஒரு தங்கச்சி. ஷெல் சத்தத்தில் செவிடான என் இடது காது. செல்வியின் மகள்.