கல் குவாரியில் க்ரூகர் ஜெயந்தி

— பூ எங்க கிடைச்சுது வேலு? நம்ம கடையில விக்கிறது வெங்காயமும் குப்பூஸ் ரொட்டியும்தானே?

— துபாய் போன டிரைவர் இர்ஷாத்துகிட்டச் சொல்லி வாங்குனேன், பாய். சாமந்தி மாலை. சார் ரூம் சுவத்துல க்ரூகர் படம் இருக்குல்ல, அதுக்குப் போட்டு, பொட்டு வெச்சு, ஊதுபத்தி கொளுத்திட்டு வாறேன். இன்னிக்கு அவரு பொறந்த நாளாம்.

— ஆபீஸ்பாய் வேலைக்கு வந்துட்டு பூசாரி வேலை பாக்குறியா? சார் என்ன சொன்னாரு?

— இன்னும் பாக்கல, வெளிய போயிருக்காரு. வந்து பாத்து, மனசு குளுந்து, லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டா போதும். ஐப்பசி பொறந்ததும் எம் மக அருணாவுக்குக் கல்யாணம், பாய். மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன். ஆள் பத்தாது, லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டாரு.

— அது சரி, நம்ம சார் சவுத் ஆப்பிரிக்கா வெள்ளைக்காரரு, அவருக்கு மாலையப் பத்தி என்ன தெரியும்?

— தெரியாமயா? போன மாசம் கேம்ப்ல நம்ம ஐயப்பன் தவறினப்ப படத்துக்கு மாலை போட்டோம்ல, ஏன்னு கேட்டாரு. செத்தவங்க படத்துக்குத்தான் போடுவோம்னு நாந்தான் வெளக்குனேன். நீங்க அந்த க்ரூகர் கதைய போன்ல பாத்துச் சொல்லுங்க. சார் கேட்டா நானும் ரெண்டு வார்த்த பேசணும்ல.

— கேட்டுக்க. நூத்தி முப்பது வருஷத்துக்கு முன்ன அவங்க நாட்டுப் பிரசிடெண்டு. சின்னப் பையனா இருக்கச்சேயே சிங்கத்தச் சுட்டாராம், கேட்டியா. உலகம் தட்டைன்னு நம்புனாராம். ரெண்டாவது பொஞ்சாதிக்கு மட்டும் புள்ளைங்க பதினாறு.

— பதினாறும் பெத்துப் பெருவாழ்வு! ஒத்த மகளுக்கே எனக்கு நாக்குத் தள்ளுது.

— அப்புறம் தங்கம் கிடைச்சு, வெளிநாட்டு ஆளுங்க குவிஞ்சாங்க. தோண்டுங்க, வரி கட்டுங்க, ஓட்டு மட்டும் பதினாலு வருஷம் கழிச்சுன்னுட்டாராம்.

— பதினாலா? நான் பதினேழு வருஷமா இந்த ராஸ் அல் கைமாவுல கல்லுத் தூசி திங்கிறேன்! இவருக்கா மாலை போட்டேன்? எனக்கு ஓட்டு வேணாம் பாய், முப்பது நாளு லீவு குடுத்தா போதும்.

— பொறு, வயிறெரியாத. கடைசியில சண்டையில தோத்து, கப்பலேறி, பரதேசத்துலயே மவுத்தாயிட்டாரு. சொந்த ஊருக்குப் பொட்டியிலதான் போயிருக்காரு.

— ஐயோ, பொட்டியிலயா? பாவம் பாய். மாலை இருந்துட்டுப் போகட்டும்.

— இன்னொண்ணு போட்டுருக்கு. வாலிபத்துலயே துப்பாக்கி வெடிச்சு இடது கட்டைவிரல் போயிருச்சாம்.

— அதெப்படி? நம்ம படத்துல ரெண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாரே!

— சிரிக்கிறாரா? கலர் படமா?

— பளபளன்னு கலரு. தாடியும் உயரத் தொப்பியும் உங்க போன்ல இருக்குறதேதான்.

— அட அல்லாவே! க்ரூகர் மவுத்தாயி நூத்திருவது வருஷமாச்சு. அது வேஷம் கட்டின வேற ஆளுடா! யாருன்னு சார்கிட்டக் கேக்கலையா?

— கேட்டேனே. ‘க்ரூகர்’னு சொல்லி, விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— ஓடு, மாலையக் கழட்டு! சார் எங்க போயிருக்காரு?

— ஏர்போர்ட்டுக்கு. ஊர்லருந்து அவங்கப்பா வாராராம். இந்தா, ஆபீஸ் வாசல்ல வண்டி வந்து நின்னுருச்சு. பாய்... சார் கையப் புடிச்சுக்கிட்டு ஒரு தாடிக்காரரு இறங்குறாரே, நான் மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்துனது அவருக்குத்தான்!