சோழபுரத்துக்குப் போன மூஞ்சி

— ஏட்டி பரிபூரணம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் கெடந்து, தேக்குச் சட்டம் செஞ்சு, ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்திருக்கேன். உள்ள மாட்டப் படம் எங்கன்னு கேட்டா, குடுத்துட்டேன்னு சொல்லுத!

— கத்தாதீக. ஒங்ககிட்டப் படிச்ச சமுத்திரம், சோழபுரத்துல புதுவீடு கட்டுதான்ல? பூசணிக்காயில மூஞ்சி எழுதித் தரணும்னு ஒங்களத் தேடி வந்தான். நீங்க இல்ல. அந்தப் படம் சுவத்துல சாஞ்சிருந்துச்சு. எடுத்துட்டுப் போயிட்டான்.

— திருஷ்டிக்கா? ஏட்டி, அது நான்! என்னைய நானே வரைஞ்சது!

— நீங்களா? கன்னம் பச்ச, வாய் கோணல், கழுத்தையே காணோம்.

— உள்ள இருக்கத வரைஞ்சா அப்படித்தான் வரும். பள்ளிக்கூடத்துல வருசக்கணக்கா மாம்பழமும் மயிலும் போடச் சொல்லிக் குடுத்தேன். ரிட்டயர் ஆன பொறவுதான் எனக்குன்னு ஒண்ணு போட்டேன். கண்காட்சிக்குன்னு மெட்ராஸ்ல இருந்து ஆளு வருது. அவன்ட்ட நான் என்னத்தக் காட்ட?

— சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு நீங்களே உள்ள நில்லுங்க.

— ஒனக்கு எல்லாமே எளக்காரம்!

— யக்கா... அய்யய்யோ, சாரு வந்துட்டாகளா?

— வாலே சமுத்திரம். என் மூஞ்சிய எங்கலே மாட்டியிருக்க?

— வாசல்லதான் சார். கோவிச்சுக்கிடாதீக, அது பிரயோசனப்படல.

— என்னலே சொல்லுத?

— ஒருத்தனும் பயப்பட மாட்டேங்கான். கொத்தனார் பால்சாமி அண்ணாந்து பாத்துட்டு, "பாவம், யாரு பெத்த பிள்ளையோ"ங்கான். காலைல எந்திரிச்சு வந்து பாத்தா, எம் பொண்டாட்டி கருத்தம்மா அதுக்கு முன்னால ஒரு கும்பா கம்மங்கூழ வச்சிருக்கா.

— கூழா?

— ஆமா சார். சாப்பிடாத ஆளு மாதிரி இருக்காம்.

— ஏலே, அது கோவம்லே! இந்த ஊரு மேல எனக்குள்ள அம்புட்டுக் கோவத்தையும் அதுலதான் எறக்கியிருக்கேன். ஒனக்காவது பயமா இல்லையா?

— மொதல்ல இருந்துச்சு சார். செத்த நேரம் பாத்தேன். கடைசி பஸ்ஸ விட்டுட்டு நிக்கவரு மாதிரி தெரிஞ்சுது.

— என்னங்க, ஏன் அப்படியே உக்காந்துட்டீக? தண்ணி கொண்டாரவா?

— வேண்டாம். ஏலே, படத்தக் கொண்டாந்திருக்கியா?

— எங்க? கருத்தம்மா தர மாட்டேங்கா. வேற ஒண்ணு, நல்லாப் பயமுறுத்துத மாதிரி போட்டுத் தாங்களேன்.

— நான் பயமுறுத்துன லட்சணம் தெரிஞ்சுபோச்சே. போ, பூசணிக்காயவே வாங்கிட்டு வா. இந்தா, இந்தச் சட்டத்தையும் எடுத்துட்டுப் போயி அந்தப் படத்துக்கு மாட்டு. மெட்ராஸ்காரன் சோழபுரத்துக்கு வந்து பாத்துக்கிடட்டும். பரிபூரணம், நீ சொல்லுட்டி. அதுல கோவமே இல்லையா?

— கோவமா? நீங்க ஊருக்குப் போனதும், அது ஒத்தையில கெடக்கதப் பாக்க எனக்கு மனசு கேக்கல. நாலு சனம் பொழங்குத எடத்துல இருக்கட்டும்னுதான், திருஷ்டிக்கு நல்லதுன்னு பொய் சொல்லி நானே இவன் தலையில கட்டுனேன்.